குறைக்கு எத்தனை பெயர்கள்? – நீலகிரித் தேயிலையும் ஆங்கிலச் சொற்களும்

பள்ளியில் ஆங்கிலம் பயின்ற அனைவரும் ஒரு பயிற்சியைச் செய்திருப்போம். ஒரே பொருள் தரும் சொற்களை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்யும் பயிற்சி அது. 'டிஃபெக்ட்', 'ஃபால்ட்', 'ஃபிளா', 'பிளெமிஷ்', 'டாமேஜ்' ஆகிய யாவும் குறை அல்லது கேடு என்னும் பொருளன என்று ஆசிரியர் கூறுவார். நாமும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அச்சமின்றி வைத்தெழுதித் தேர்விலும் வெற்றி பெற்றுவிடுவோம். ஆனால் இச்சொற்களைக் கொண்டே வாணிகம் நடத்தும் மக்களிடையே சென்று கேட்டால், இவற்றுள் எந்த இரண்டும் ஒன்றாகா என்பது விளங்கும். அத்தகைய இடம் ஒன்று நம் தமிழகத்திலேயே இருக்கிறது. நீலகிரி மலையில் குன்னூரில் வாரந்தோறும் நடைபெறும் தேயிலை ஏலமே அது. அங்கு ஒரு குறைக்கு எந்தப் பெயர் சூட்டப்படுகிறதோ, அதைப் பொறுத்தே அக்குறையால் விளையும் நட்டம் யார் தலையில் விழும் என்பது முடிவாகிறது.

முதற்கண் இச்சொற்களின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். 'டிஃபெக்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. இருக்க வேண்டியது இல்லாமற்போதலை அது குறிக்கும். பொருள் உருவானபோதே அதனுடன் பிறந்த குறை என்று கொள்ளலாம். 'டாமேஜ்' என்பதும் இலத்தீன் மூலமுடையதே. ஆயின் அதன் வேர்ச்சொல் இழப்பையும் தண்டத்தையும் குறித்தது. நன்றாயிருந்த ஒன்று பின்னர் ஏதோ ஒரு நிகழ்ச்சியால் கெட்டது என்பதே இதன் உட்கிடை. இச்சொல்லே பன்மையில் 'டாமேஜஸ்' என்றாகும்போது, நீதிமன்றம் வழங்கும் இழப்பீட்டுப் பணத்தைக் குறிக்கக் காண்கிறோம். 'ஃபிளா' ஸ்காந்திநேவிய மொழிகளின் வழி வந்து, முதலில் சிம்பு, செதில் என்றும் பின்னர் உள்ளே ஓடும் விரிசல் என்றும் பொருள்பட்டது. 'பிளெமிஷ்' பழைய பிரெஞ்சுச் சொல். வெளிறச் செய்தல் என்னும் கருத்திற் பிறந்து, மேனியின்மேல் தோன்றும் மறுவைக் குறித்து நிற்கிறது. 'ஃபால்ட்' என்றால் தவறியவர் ஒருவர் உண்டு என்பது குறிப்பு. 'ஸ்பாயில்' என்பதோ போர்க்களத்தில் வீழ்ந்தவனின் உடைமைகளை உரிந்தெடுக்கும் கொள்ளையிலிருந்து பிறந்து, இன்று அடுக்களையில் திரிந்துபோன பாலுக்கும் வழங்குகிறது!

தமிழுக்கும் இவ்வளம் உண்டு. குறை, குற்றம், பழுது, ஊறு, வடு, மாசு, கறை, சேதம், சொத்தை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பல்லுக்கும் கத்தரிக்காய்க்கும் சொத்தை என்கிறோம். ஆறிய புண்ணின் தழும்புக்கே வடு என்கிறோம். இயந்திரம் பழுதாகும், வெள்ளத்தில் பயிர் சேதமாகும். இடம் மாற்றிச் சொன்னால் சிறு குழந்தையும் நகைக்கும். நம் குடும்பங்களில் முதியவர்கள் 'ஐபு' என்னும் அரபுச் சொல்லையும் வழங்குவர். அச்சொல்லுக்கு வாணிகச் சட்டத்தில் ஒரு தனியிடம் உண்டு. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஆங்கிலேயர் இம்மலைக்குக் கொண்டுவந்த சொற்களுள் நோயின் பெயர்களே முந்தியவை எனலாம். 1869-ஆம் ஆண்டு இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்பக்கத்தே செம்மஞ்சள் பொடி படரக் கண்டனர். இரும்பின் துருவைப் போன்றிருந்தமையால் அதை 'ரஸ்ட்' என்றனர். அறிவியலார் அப்பூஞ்சைக்கு 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டனர். பின்னுள்ள சொல்லுக்கு அழிப்பவள் என்பது பொருள். தோட்டத்துரைமார்களோ அதைத் தம் நாவிற்கேற்பத் திரித்து, 'டெவஸ்டேட்டிங் எமிலி', அஃதாவது நாசக்கார எமிலி, என்று ஒரு பெண்ணின் பெயராக்கிவிட்டனர். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த மனிதர்களின் நகைச்சுவை அது. இலங்கையின் காப்பித் தொழில் அந்நோயால் வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்திய மலைகளின் காப்பியும் தாக்குண்டது. நீலகிரியில் தேயிலை அதற்கு முன்பே வந்துவிட்டது. 1830-களில் கேத்தியில் சோதனையாக நட்டனர். 1859-இல் தியாஷோலாவில் தோட்டம் தோன்றிற்று. ஆயினும் மலைச்சரிவுகள் தேயிலைக்கு இடம் விட்டதன் காரணங்களுள் காப்பியின் துருவும் ஒன்று.

தேயிலைக்கும் தன் பங்கு நோய் காத்திருந்தது. 1946-இல் தென்னிந்தியத் தோட்டங்களை எட்டிய அந்நோய்க்கு 'பிளிஸ்டர் பிளைட்' என்று பெயர். முன்னது தீச்சுட்ட தோலில் எழும் கொப்புளம். பின்னது பயிர்க்கேட்டைக் குறிக்கும் பழஞ்சொல். பருவமழையும் மூடுபனியும் சேர்ந்த நாட்களில் இளங்கொழுந்தின்மேல் ஒளி ஊடுருவும் புள்ளியாகத் தோன்றிக் கொப்புளமாகப் புடைத்து, பின் கருகிப்போகும். முற்றிய இலையை அது அண்டுவதில்லை. எந்த இலையைப் பறித்தால் காசாகுமோ அந்த இலையையே தேடிவரும் நோயாதலின், செம்பு கலந்த மருந்தைத் தெளிப்பது தோட்டங்களின் வழக்கமாயிற்று.

இனித் தொழிற்சாலைக்குள் செல்வோம். இங்கேதான் மொழி நமக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறது.

பறித்த கொழுந்தைக் கூடையில் அழுத்தித் திணித்தால் இலை கன்றிச் சூடேறிச் சிவந்துவிடும். ஆங்கிலத்தில் அதை 'புரூஸ்' என்பர். அடிபட்ட உடம்பின் கன்றலுக்கும் அதே சொல்தான். கொழுந்து வாங்குபவர் அதைக் குறை என்று விலையைக் குறைப்பார். அதே கொழுந்து ஆலைக்குள் நுழைந்ததும் என்ன நேர்கிறது? முதலில் அதை வாடவிடுகின்றனர். 'விதர்' என்று அதற்குப் பெயர். பின்னர் உருளைகளிலிட்டு வேண்டுமென்றே கன்றச் செய்கின்றனர். இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளிப்பட்டுக் காற்றோடு கலந்தாலன்றிப் பச்சிலை கருந்தேயிலை ஆவதில்லை. 1930-களின் தொடக்கத்தில் அஸ்ஸாமின் அம்குரித் தோட்டத்தில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் அமைத்த இயந்திரத்தின் பெயரையே பாருங்கள்: சி.டி.சி. 'கிரஷ்', 'டேர்', 'கர்ல்' என்னும் மூன்று வினைகளின் முதலெழுத்துகள் அவை. நசுக்கு, கிழி, சுருட்டு! துணிக்கடையில் நேர்ந்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வரும் செயல்கள், இங்கே ஒரு தொழிலின் பெருமைக்குரிய பெயராக விளங்குகின்றன.

வெளிவரும் தேயிலையின் தரப்பெயர்களும் அப்படியே. 'புரோக்கன்' என்றால் உடைந்தது. பீங்கானுக்கு அது கேடு, தேயிலைக்கோ ஒரு தரம். 'ஃபேனிங்ஸ்' என்பது ஒருகாலத்தில் விசிறியெடுத்த கழிவைக் குறித்த சொல். 'டஸ்ட்' என்றால் தூசி. அத்தூசியைத்தான் தென்னாட்டில் நாம் விரும்பிக் குடிக்கிறோம். பால் சேர்த்தாலும் நிறமும் காரமும் குன்றாமல் ஒரு கைப்பிடித் தூளில் பல குவளைகள் இறக்கவல்லது அதுவே. நம் தெருமுனைத் தேநீர்க் கடைகள் யாவும் டஸ்டின் தயவால் வாழ்பவை. குன்னூர் ஏலத்தில் சில வாரங்களில் இலைத் தேயிலையை அது விலையில் முந்துவதும் உண்டு. பெயர் வைத்தவர்கள் இலண்டனில் இருந்துகொண்டு அதைக் கடைத்தரம் என்று எண்ணினர். குடித்தவர்கள் வேறு முடிவுக்கு வந்தனர்.

சுவை பார்க்கும் மேசைக்கு வருவோம். 1980-இல் வெளியான பன்னாட்டுத் தர விதி ஒன்று இதற்கான முறையை வகுத்துரைக்கிறது. 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறவிடும் காலம் 6 நிமிடம். வெண்பீங்கான் கிண்ணங்களில் வடித்து வரிசையாக வைக்க, சுவை பார்ப்பவர் கரண்டியால் உறிஞ்சி, நாவில் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்கிறார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அவர் சொல்வது ஒன்றிரண்டு சொற்களே. ஆனால் அச்சொல் ஒரு மருத்துவரின் நாடிப்பரிசோதனைக்கு ஒப்பானது.

அவர் 'ரா' என்றால் பச்சை வாடை போகவில்லை. வாட்டுதலோ புளிக்கவைத்தலோ போதவில்லை என்று பொருள். 'ஹார்ஷ்' என்றால் நாவை அறுக்கும் கடுமை. முற்றிய இலையைப் பறித்ததும் சரியாக வாட்டாததும் அதற்குக் காரணமாகலாம். 'பேக்கி' என்றால் உலர்த்தும் அடுப்பின் சூடு மிகுந்துவிட்டது. அதற்கும் மேற்போனால் 'பர்ன்ட்'. சூடு குறைந்து, காற்றோட்டமின்றி மெல்ல வெந்திருந்தால் 'ஸ்டூயி'. குழம்பை நெடுநேரம் அடுப்பில் விட்டாற்போன்ற நிலை. 'ஸ்மோக்கி' என்றால் உலர்த்தியின் குழாயில் எங்கோ கசிவு. 'ஃபிளாட்' என்றால் உயிர்ப்பு நீங்கிக் கிடக்கிறது. பழையதாகிவிட்டது, அல்லது ஈரம் ஏறிவிட்டது. உலர்ந்த தேயிலையைக் கையில் அள்ளி 'கிரே' என்றால், சலிக்கும்போது மிகையாக உராய்ந்து மேனியின் மெருகு போயிற்று என்று கொள்ள வேண்டும். ஒவ்வொரு சொல்லும் ஆலையின் ஓர் அறையைச் சுட்டுகிறது. அவ்வறையில் பணியாற்றிய ஒரு கையையும் சுட்டுகிறது.

'டெயின்ட்' என்னும் சொல் மட்டும் தனிவகை. சாயமேற்றுதல் என்னும் பிரெஞ்சுச் சொல்லும், குற்றத்தால் தீண்டப்பட்டமை என்னும் சட்டச் சொல்லும் ஒன்றாகக் கலந்து உருவானது அது. தேயிலை அண்டைப் பொருளின் மணத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. மண்ணெண்ணெய், மசாலா, சோப்பு, நீலகிரியிலேயே வடிக்கும் தைலம், எதனருகே மூட்டையை வைத்தாலும் அதன் வாடை ஏறிவிடும். அந்த மூட்டைக்கு 'டெயின்ட்' என்று பெயர் வைத்துவிட்டால், குற்றம் இலையினுடையதும் அன்று, ஆலையினுடையதும் அன்று, சேர்க்கையினுடையது. கிடங்கு வைத்திருந்தவரோ வண்டி ஓட்டியவரோ விடை சொல்ல வேண்டியிருக்கும்.

அகராதியை நம்பி இம்மேசையருகே செல்பவர் ஏமாறுவார். 'சாஃப்ட்' என்பது கைக்கும் குரலுக்கும் புகழ்ச்சி, தேநீருக்குக் குறை. 'பஞ்ஜென்ட்' என்றால் பொதுவழக்கில் மூக்கைத் துளைக்கும் நெடி. இங்கே அது மிக உயர்ந்த பாராட்டு. வடித்த தேநீர் ஆறியதும் கலங்கி மங்குவதைக் கண்டு நம் வீட்டுப் பெண்மணிகள் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடலாம். சுவை பார்ப்பவரோ 'கிரீம்' இறங்கியிருக்கிறது என்று மகிழ்வார். நல்ல தேயிலையின் சத்துகளும் காஃபீனும் சூடு தணிந்ததும் ஒன்றோடொன்று பிணைவதால் வரும் கலங்கல் அது.

இச்சொற்கள் வெறும் சுவைக் குறிப்புகளாக நின்றுவிடின் நமக்கு இவற்றில் இவ்வளவு அக்கறை வேண்டியதில்லை. குன்னூர் ஏலம் தொடங்கிய 1963-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் கடற்சரக்குக் காப்புறுதிச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 55-ஆம் பிரிவு, பொருளுக்குள்ளேயே குடிகொண்டிருக்கும் கேட்டுக்கு, வேறு வகையாக உடன்பாடு இல்லாதவரை, காப்புறுதி செய்தவர் பொறுப்பாகார் என்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு 'இன்ஹெரன்ட் வைஸ்' என்று பெயர். 'வைஸ்' என்பது மனிதரின் தீயொழுக்கத்தைக் குறிக்கும் அதே சொல். கொச்சியிலிருந்து கப்பலேறிய தேயிலை அயல்நாட்டுத் துறைமுகத்தில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புயலில் கடல்நீர் புகுந்ததென்று நிறுவினால் அது 'டாமேஜ்'. காப்புறுதியில் பணம் கேட்கலாம். ஈரத்தோடு மூட்டை கட்டியதால் பூத்ததென்றால் அது உட்கேடு, நட்டம் அனுப்பியவருக்கே. பூஞ்சை ஒன்றுதான், பெயர் இரண்டு. அப்பெயர்களுக்கிடையே ஒரு வணிகரின் வாழ்வே ஊசலாடும். மரக்கலமேறி வாணிகம் செய்த மரபில் வந்த நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஏலத்தில் பொருளை முழுதும் பிரித்துப் பார்ப்பார் எவருமில்லை. மாதிரியைப் பார்த்தே விலை கேட்கின்றனர். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்கும் வழி சொல்கிறது. மாதிரியைத் தக்கவாறு ஆராய்ந்தும் புலப்படாத, விற்பனைக்குத் தகுதியற்றதாக்கும் குறை எதுவும் சரக்கில் இருத்தல் கூடாது. இதைப் படிக்கும்போது மதீனாக் கடைத்தெருவின் நிகழ்ச்சி ஒன்று நம் நினைவுக்கு வராமற் போகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்ததென்று வணிகர் சொன்னதும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் வினவியதும் நாம் அறிந்தவை. அவ்வணிகர் மழையைக் காரணம் காட்டினார், அது பொய்யுமன்று. எனினும் நனைந்தது எப்படி என்பதைவிட, அது எங்கே வைக்கப்பட்டது என்பதே அங்கே கேள்வியாயிற்று. நம் சட்ட நூலோர் 'ஐபு' என்று ஒரு தலைப்பிட்டு, மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பித்தரும் உரிமை உண்டென்று வகுத்ததும் இவ்வழியே.

நாட்டுச் சட்டமும் சொற்களைப் பிரித்தே நோக்குகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'சப்-ஸ்டாண்டர்ட்' என்றால் தண்டம் 5 இலட்சம் ரூபாய் வரை; 'மிஸ்பிராண்டட்' என்றால் 3 இலட்சம் வரை; 'அன்சேஃப்' என்று தீர்ப்பானால் சிறைவாசம். தேயிலைக்கழிவுக்கென்றே 1959-இல் ஒரு தனி ஆணை பிறந்தது. ஆலையின் தரையைப் பெருக்கிய குப்பை மீண்டும் சாயமேறிச் சந்தைக்கு வந்துவிடாமல் தடுப்பது அதன் நோக்கம். காஃபீன் எடுக்க உரிமம் பெற்றவர் வாங்கினால் அதே குப்பை ஒரு மூலப்பொருள்.

இனி, இச்சொற்களின் எடையைத் தாங்குபவர் யார் என்று பார்க்க வேண்டும். நீலகிரியில் படுகர் முதலிய பல சமூகத்தைச் சேர்ந்த சிறு விவசாயிகள் துண்டு நிலங்களில் தேயிலை பயிரிட்டுக் கொழுந்தை ஆலைகளுக்கு விற்று வாழ்கின்றனர். 1962-இல் குந்தாவில் தொடங்கிய கூட்டுறவு ஆலையும், அதன்பின் எழுந்த பிற கூட்டுறவு ஆலைகளும் இவர்களுக்காகவே ஏற்பட்டவை. சோவியத் ஒன்றியம் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்த நாட்களில் சரக்கு எப்படியும் விற்றது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிக்க வேண்டிய இடத்தில் நான்கைந்து இலைகளைப் பறித்தாலும் கேட்பாரில்லை. 1991-இல் அவ்வொன்றியம் சிதறியது. ஓரிரு ஆண்டுகளில் தெரியாத உண்மை மெல்ல மெல்ல வெளிப்பட்டு, 1999, 2000 ஆண்டுகளில் கொழுந்தின் விலை பறிகூலிக்கும் போதாத நிலைக்கு இறங்க, மலை முழுதும் போராட்டங்கள் வெடித்தன. அப்போது மறுபடி மறுபடி ஒலித்த ஆங்கிலச் சொல் 'பிளெயின்'. தேநீர் மொழியில் அதற்குக் குறிப்பிடத்தக்க நற்குணம் ஏதுமற்றது என்று பொருள். கருகல், புகை, பூஞ்சை என எந்தக் குற்றமும் சாட்டாமல், ஒரு மலையின் உழைப்பையே ஒதுக்கித்தள்ளும் சொல் அது. குற்றச்சாட்டு என்றால் மறுத்துரைக்கலாம். 'பிளெயின்' என்பதை எப்படி மறுப்பது?

2003-ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை, ஏல விலையை அடிப்படையாகக் கொண்டு ஆலையும் விவசாயியும் வருவாயைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கணக்கை ஏற்படுத்தியது. ஆகவே குன்னூரில் உதிரும் சொல் நேரே விவசாயியின் வீட்டு அடுப்புவரை வந்து சேர்கிறது. ஆனால் வந்து சேர்வது சொல்லின் விலை மட்டுமே. 'ஸ்டூயி' என்றதால் விலை குறைந்ததா, 'ஹார்ஷ்' என்றதால் குறைந்ததா என்பது அவருக்குச் சொல்லப்படுவதில்லை. முன்னது ஆலை அடுப்பின் குற்றம். அதில் அவருக்குப் பங்கே இல்லை. பின்னதில் அவர் பறித்த முற்றிய இலைக்கும் பங்கிருக்கலாம். இரண்டும் ஒரே எண்ணாக அவர் கைக்கு வருகின்றன. ஏலம் கணினிக்கு மாறிய பின்பும் இந்நிலையில் பெரிய மாற்றமில்லை. தரகர் எழுதும் சுவைக் குறிப்பைத் தமிழில், கொழுந்து நிறுக்கும் மையத்திலேயே எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத் தோன்றுகிறது. 'அடுப்பு மிகுந்தது', 'வாட்டம் போதவில்லை', 'இலை முற்றியது' என்று எழுத நம் மொழிக்குச் சொல் பஞ்சமில்லை.

திசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள இரவுகளில் இம்மலையில் உறைபனி இறங்கும். குளிர்காற்று கனமானதாகையால் பள்ளங்களில் தேங்கி நிற்கும். அங்குள்ள செடிகள் மறுநாள் வெயில் ஏறியதும் நெருப்பில் வாட்டியதுபோல் கருகிவிடும். தமிழில் பனி கருக்கிற்று என்கிறோம். ஆங்கிலத்திலும் 'ஃபிராஸ்ட் பர்ன்' என்று தீயின் சொல்லையே ஆள்கின்றனர். அதே குளிரில், சற்று மேலே சரிவில் நிற்கும் செடியின் கொழுந்து கருகாமல் மிக மெல்ல வளர்ந்து, அதனாலேயே அரிய நறுமணம் பெறுகிறது. 'ஃபிராஸ்ட் டீ' என்று பெயரிட்டு அதனை உயர்ந்த விலைக்கு விற்கின்றனர். பள்ளத்தில் நிலம் உள்ளவரோ கருகியதைக் கழித்துவிட்டு, அடுத்த துளிர் வரும்வரை பல வாரங்கள் காத்திருக்கிறார்.